பத்துவிரல்காரி நிறுத்திய வாக்கியம்

புதுக் கணினிகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் பத்துவிரல்காரி. பள்ளி முடித்த கையோடு தட்டச்சு கற்றவள். விசைப்பலகையைக் குனிந்து பார்க்காமல் பத்து விரலாலும் பொரிந்து தள்ளுவாள். ஒரு பிடிவாதமும் உண்டு. எந்தக் கணினி வந்தாலும் முதல் அபிப்பிராயத்தை அதிலேயே உட்கார்ந்து எழுதினால்தான் அவளுக்குத் திருப்தி. "ஓட்டிப் பாக்காம வண்டியப் பத்தி என்னத்த எழுதறது?" என்பாள்.

இன்றைக்கு அறிமுகமாகும் கணினியைச் செய்தவன் அவளுடைய சொந்தத் தம்பி. வீட்டுக்கொன்று வாங்கலாம் என்கிற மாதிரி மலிவு விலை. வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "உன்ன நம்பித்தான்மா ஜனங்க வாங்கறாங்க. தம்பிங்கறதையும் சேத்து எழுதிடு," என்று அவர் கையை விரித்துவிட்டார்.

விழா மண்டபத்தின் பின்னறையில் தம்பி பெட்டியைத் திறந்து கொடுத்தான். விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடக்கம். வீட்டு டிவியில் செருகினால் போதும். எடை இல்லை, இரைச்சல் இல்லை. மூடி ஓரத்தில் லேசாக இடைவெளி விட்டிருந்தது. இந்த விலைக்கு இதைக்கூடப் பொறுக்காவிட்டால் எப்படி என்று நினைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள்.

இரண்டாவது வரியில் திரை அப்படியே நின்றது. அணைத்துப் போட்டாள். மறுபடி நின்றது.

"நீ என்னக்கா பண்றே? எங்களுக்கு ஒரு தடவகூட இப்படி ஆனதில்லையே!"

"என்ன பண்றேன், தட்டறேன். நீ தட்டு பாப்போம்."

தம்பி தட்டினான். இரண்டே விரல், கோழி கொத்துகிற மாதிரி. கணினி சமர்த்தாக ஓடியது. அவனுடைய ஆட்கள் மூவரும் ஒவ்வொருவராகத் தட்டிக் காட்டினார்கள். அவர்களும் கோழிகள்தான்.

"உங்கள்ல ஒருத்தருக்காவது தட்டச்சு தெரியுமாடா?"

நாலு பேரும் தங்கள் ஆட்காட்டி விரல்களையே பார்த்துக்கொண்டார்கள். கணினியையே உருவாக்கத் தெரிந்த மேதாவிகளுக்கு, பத்து விரலும் தெரிந்த ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"மலிவா இருக்கணும்னு போட்ட சிப்பு. எழுத்துங்க மளமளன்னு வந்தா திணறுது போல," என்றான். "சரி பண்ணிடலாம். ஆனா நாளாகும். கம்பெனிக்குப் பணம் போட்டவர் முன் வரிசையில உக்காந்திருக்கார். இப்பச் சொன்னா கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"சொல்லாம வித்தா? பரீட்சைக்கு எழுதிட்டிருக்கற பிள்ளைக்கு நடுவுல நின்னு போனா?"

"மேடையில மொதல்ல தட்டப் போறது நீதான். மெதுவாத் தட்டுக்கா. அது போதும்."

"நீயே சொல்லிடுடா. சரி பண்ணிட்டு விக்கறோம்னு சொல்லு."

"என்னால முடியாதுக்கா." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வெளியே ஒலிபெருக்கியில் அவளை அழைத்துவிட்டார்கள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. "நகரத்தின் மிக வேகமான விரல்கள்!" என்று அறிவிப்பாளர் வேறு ஏற்றிவிட்டார். தட்டுவதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் பெரிய திரையில் தெரியும். உட்கார்ந்தாள். இரண்டு ஆட்காட்டி விரல்களை மட்டும் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள்.

"மத்த எட்டு விரலும் எங்கம்மா போச்சு?" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. ஓரமாக நின்ற தம்பி மூச்சு விட்டான். திரையில் எழுத்துகள் ஊர்ந்து வந்தன.

"இந்தக் கணினியில் வேகமாகத் தட்டினால்"

அங்கே நிறுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தம்பியின் முகம் வெளிறியது.

இன்னும் ஒரே ஒரு சொல். அதைத் தானே தட்டிவிட எவ்வளவு நேரமாகும்? நாளைக்குப் பத்திரிகையில் எழுதினாலும் ஊர் நம்பும். ஆனால் அக்கா காட்டிக்கொடுத்த பிறகு அவன் செய்வதை எவன் வாங்குவான்? அவன் வாயால் வந்தால்தான் அவனுக்கு எதிர்காலம் உண்டு. வாடா, வா என்று மனசுக்குள் கெஞ்சினாள். கூட்டத்தில் சிரிப்பு அடங்கிச் சலசலப்பு எழுந்தது. முன் வரிசைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். தம்பி அசையவில்லை.

பிறகு நடந்து வந்தான். அவளுக்குப் பக்கத்தில் குனிந்து, இரண்டு விரலால் கொத்தினான்.

"நின்றுவிடும்."

ஒலிவாங்கியை எடுத்தான். "கோளாறு இருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது. சரி பண்ணாம ஒண்ணுகூட விக்க மாட்டோம்." முன் வரிசைக்காரர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். தம்பி அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பத்து விரலாலயும் தட்டுக்கா," என்றான். "எல்லாரும் பாக்கட்டும்."

அவள் அழுதுகொண்டே தட்டினாள்.