பழசும் இருக்கட்டும்

எங்கள் பனங்குடி வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். நடுவில் ஒரு ஷட்டர் இருக்கிறது. தூக்கினால் தண்ணீர் வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போகும். இறக்கினால் மேலேயே தேங்கித் தலைமடை வயல்களில் ஏறும். போன வருடம் பாசனச் சங்கம் அதற்கு மோட்டாரும், அதை இயக்க ஒரு பெட்டியும் வைத்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து உத்தரவு அனுப்பினால் ஷட்டர் ஏறும், இறங்கும். அந்தக் கம்ப்யூட்டர் வேலையைப் பார்ப்பவள் நான், எல்சி. சங்கத் தலைவர் பெரியநாயகசாமி எனக்குப் பெரியப்பா முறை. அதனால் எனக்குச் சலுகை கிடைக்கிறது என்பவர்கள் ஒருநாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

போன முறை கடைமடைக்குப் பாதித் தண்ணீர்தான் போனது. ஷட்டர் நடுவிலேயே இறங்கிவிட்டது. உத்தரவு ஆபீஸிலிருந்து வந்தது என்று ஷட்டர் பெட்டி சொன்னது. ஆபீஸோ பூட்டிக் கிடந்தது. "பொம்பளப் புள்ள எதையாவது மாத்தி அமுக்கியிருக்கும்" என்று டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்து தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரும் ஷட்டர் பெட்டியும் பேசத் தொடங்குமுன் எந்தப் பூட்டைப் போட்டுக்கொண்டு பேசுவது என்று முடிவு செய்துகொள்ளும். புதிய பூட்டு கெட்டியானது. பழைய பூட்டில் ஓட்டை உண்டு; உடைக்கிற வித்தை எல்லாருக்கும் கிடைக்கிறது. ஒயர் வழியில் நடுவில் இருப்பவன் புதுசை உடைக்கக்கூட வேண்டாம், 'புதிய பூட்டில் பேசலாமா' என்று முதலில் வருகிற வணக்கத்தை விழுங்கிவிட்டால் போதும். பதில் வராததால், 'பாவம், எதிராளிக்குப் புதுசு தெரியாது போலிருக்கிறது' என்று இரண்டும் தாமாகவே பழசுக்கு இறங்கிவிடும். அதன்பிறகு அவன் சொன்னதுதான் உத்தரவு.

பழசை ஆரம்பத்திலேயே எடுத்துவிடலாம் என்றுதான் சொன்னேன். பெரியப்பா கேட்கவில்லை. "பழசும் இருக்கட்டும்மா, ஒரு சேஃப்டிக்கு" என்றார். எங்கள் ஊரில் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். ஓடாத பம்ப்செட் எல்லார் கொட்டகையிலும் கிடக்கும், சேஃப்டிக்கு. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பழசை அடியோடு எடுத்தேன். புதுசு இல்லையென்றால் பேச்சே கிடையாது.

கடைமடை முறை தொடங்கிய காலையில் உத்தரவு அனுப்பினேன். இணைப்புக் கிடைக்கவில்லை. மறுபடி அனுப்பினேன். ஷட்டர் அசையவில்லை.

வாசலில் கடைமடைக்காரர்கள் நின்றிருந்தார்கள். முன்னால் சைத்தூன் பீவி. புருஷன் போனபிறகு தனியாகச் சம்பா போடுகிறவர். நேரடி விதைப்பு, பயிர் மஞ்சளடித்து, வயல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. இந்த முறையும் தண்ணீர் தப்பினால் அவருக்கு இந்த வருடம் அறுவடை இல்லை.

"ஏம்மா, அந்தப் பழசத் திறந்து விட்டா வேலை நடக்கும்ல?" என்றார் பெரியப்பா.

"நடக்கும் பெரியப்பா. ஷட்டர் ஏறும். போன தடவை மாதிரியே எவனோ இறக்குவான்."

"மொதல்ல தண்ணியப் பாப்போம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"மாட்டேன்."

அவர் முகம் கறுத்தது. "அப்ப சாவிய வச்சிட்டுப் போ. வேற ஆளப் பாத்துக்கறேன்."

சாவியை மேஜையில் வைத்தேன். அப்போது சைத்தூன் அக்கா உள்ளே வந்தார்.

"எல்சி, இப்பத் திறந்தா எங்க தண்ணிய மறுபடி மறிப்பானுவளா?"

"மறிக்கலாம்க்கா."

"அப்பத் திறக்காத. பாதித் தண்ணி வாங்கிப் பாத்தாச்சு, போதும். வேற வழி இருக்கா?"

"ஷட்டருக்கு நேராப் போயிப் பாக்கணும்."

எல்லாரும் கிளம்பினோம். பெரியப்பாவும் பின்னால் வந்தார். ஷட்டர் பெட்டிக்கு வருகிற இன்டர்நெட் ஒயர், ஊரில் வீடுகளுக்கு லைன் கொடுக்கும் ஜெரால்டின் கட்டடம் வழியாக வருகிறது. அவர் தலைமடையில் பெரிய நிலக்காரர். எங்கள் மாதா கோயில் பூசையில் முன்வரிசை. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, பெட்டியை என் போன் இணைப்பில் சேர்த்தேன். புதிய பூட்டோடு முதல் வணக்கத்துக்கே பதில் வந்தது. போனிலிருந்தே உத்தரவு கொடுத்தேன். மோட்டார் உறுமியது. ஷட்டர் ஏறியது. சொல்லத் தெரியாத சந்தோஷம் எனக்கு.

யார் சொன்னார்களோ, ஜெரால்ட் புல்லட்டில் வந்து இறங்கினார். "என்ன எல்சி, என் ஒயரக் கழட்டிப் போட்டிருக்க?"

நான் ஒயரை மாட்டினேன்; ஒயர் இருந்தால் பெட்டி போனை விட்டு அதைத்தான் பிடிக்கும். இணைப்பு அறுந்தது. கழற்றினேன். வந்தது. மறுபடி மாட்டினேன். அறுந்தது. கரையில் நின்ற எல்லாரும் பார்த்தார்கள்.

"இடி மழையில என் மெஷின் ஏதாச்சும் பழுதாயிருக்கும். நீ பழசத் திறந்து வையி, சரியாயிடும். நம்ம சனத்துக்குள்ள நானா கெடுப்பேன்?"

"பழுதான மெஷின் ரெண்டையும்ல கெடுக்கணும் அண்ணே? நீங்களே சொல்ற மாதிரி பழசுன்னா வழி விடுது, புதுச மட்டும் பாத்துப் பாத்துக் கெடுக்குதே, அது எப்படி?"

ஜெரால்ட் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

பெரியப்பா அவரைத் தாண்டிப் பெட்டியருகே வந்தார். பிறகு, "எல்சி, அந்த ஒயரப் புடுங்கிப் போடு" என்றார்.

"நான் புடுங்க மாட்டேன். பழச வச்சிக்கச் சொன்னது நீங்க. நீங்களே புடுங்குங்க."

சபையில் அவரிடம் அப்படி யாரும் பேசியதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒயரைப் பிடுங்கி ஜெரால்டின் புல்லட் மேல் வைத்தார்.

"நாளைக்கு உங்க எவன் வீட்டுலயும் லைன் இருக்காது!" என்று கத்தினார் ஜெரால்ட்.

"எங்க கடைமடைப் பக்கம் நீங்க லைனே இழுத்ததில்ல தம்பி" என்றார் சைத்தூன் அக்கா. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடுகிற தண்ணீரோடு கரைமேல் கடைமடையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.