பார்த்த தேதி

நெரெய்தாவின் ஆய்வேட்டுத் தேர்வுக்கு எங்கள் தெருவில் பாதி கிளம்பிப் போயிருந்தது. பாசத்தில்தான் போனோம். அவள் அம்மா எபிஹேனியா முந்தின நாளே மோலே குழம்பு கிளறியதும், அந்த வாசனை ஏழு வீடு தாண்டியதும் வேறு விஷயம்.

ஆய்வு, மாநிலத்தில் காணாமல் போனவர்களைப் பற்றியது. அரசு அலுவலகம் இணையத்தில் போட்ட பட்டியலை இறக்கி, அதிலிருந்த 412 பேரை ஊர்வாரியாகப் பிரித்திருந்தாள். 287ஆவது வரியில் அவள் தம்பி எவாரிஸ்தோ. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குத் தெரியாமலா இருக்கும்!

தேர்வாளர் டாக்டர் பார்ரகான் அடிக்குறிப்பில் இருந்த முகவரியைத் தன் கைப்பேசியில் தட்டினார்.

"என்னம்மா, இங்க 268 பேர்தான் இருக்கு? மிச்சம் 144 பேரை நீயே தொலைச்சிட்டியா?"

பின்வரிசையில் எங்கள் ஆள் ஒருவரே சிரித்துத் தொலைத்தார்.

"அலுவலகத்துல ஆட்களைக் குறைச்சு வேற கோப்பு போட்டுட்டாங்க டாக்டர். முகவரி அதேதான். நான் மார்ச்சுல எடுத்தது."

"மார்ச்சுன்னு எங்க எழுதியிருக்கே? எடுத்த தேதியே காணோமே!"

காணோம்தான். மற்ற எல்லா அடிக்குறிப்புக்கும் தேதி போட்டவள், தினமும் திறந்து பார்த்த இந்தக் கோப்புக்கு மட்டும் போடவில்லை. அது எங்கிருந்தோ இறக்கிய ஆவணம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டுச் சாமான் மாதிரி ஆகிவிட்டது.

மடிக்கணினியில் இருந்த பழைய கோப்பைக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"கடைசியா மாத்தினது நீன்னு காட்டுது, போன மாசம். என்ன மாத்தினே?"

தம்பியின் வரியில் 'உடுத்தியிருந்த உடை' என்ற கட்டம் காலியாகவே கிடந்தது. பச்சைச் சட்டை, மேல் பொத்தான் இல்லை என்று ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நிரப்பியிருந்தாள்.

"ஒரே ஒரு கட்டம் டாக்டர்."

"ஒண்ணு நிரப்பினவ நூத்தி நாப்பத்தி நாலு நிரப்ப மாட்டான்னு எதை வச்சு நான் நம்புறது?" அவர் குரல் இறங்கியது. "268ன்னு திருத்தும்மா. அட்டவணையை அப்புறம் சரிபண்ணிக் குடு, இப்பவே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா போலித் தரவுன்னுதான் எழுதணும். அதோட உன் படிப்பு முடிஞ்சுது."

புதிய கோப்பைத் திறந்து எவாரிஸ்தோ என்று தேடினாள். இல்லை. திரும்பவும் தேடினாள். பின்னால் எபிஹேனியா, மகள் எதற்கு இவ்வளவு யோசிக்கிறாள் என்று புரியாமல், புதுச் செருப்பு கடிக்க உட்கார்ந்திருந்தாள்.

நெரெய்தா பேனாவை எடுத்து 412ஐ அடித்து 268 என்று எழுதினாள். பக்கத்திலேயே, குறை சொல்ல இடமில்லாதபடி, பார்த்த தேதி: 14 நவம்பர்.

டாக்டர் கையெழுத்துப் போட்டதும், வலது கையை உயர்த்திப் பட்டதாரிகளுக்கான உறுதிமொழி எடுத்தாள். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

சாப்பாட்டில் எபிஹேனியா மெதுவாகக் கேட்டாள்: "ஏன் மகளே, உன் புத்தகத்துல தம்பி பேரு வருதா?"

"பேரெல்லாம் வராதும்மா. எத்தனை பேருங்கிறது மட்டும்தான்."

"அந்த எத்தனையில அவன் இருக்கான்ல?"

நாங்கள் அத்தனை பேரும் அவரவர் தட்டைப் பார்த்தோம்.

"இருக்கான்மா" என்றாள் நெரெய்தா. "இன்னும் கொஞ்சம் மோலே போடு."