தைச்சாச்சா

இடது கால் தோணியின் விளிம்பில், செருப்பில்லாமல், குதிகாலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு வெயில் அடித்தாலும் அது காய்வதில்லை, வலது காலில் மட்டும் செருப்பு, அப்படித்தான் எழுதினேன், நாற்பத்தொன்றாம் பக்கம், கரும்புழைத் துறை, தோணிக்காரன், வயது பத்தொன்பது, பேர் கேட்டால் சிரிப்பான், அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைத்துச் சொல்வேன். கூடப் படித்த வளவன் கேட்டதற்காக எழுதியது, மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் எடுத்துப் பகடை உருட்டி ஆடுகிற கதை விளையாட்டு ஒன்றைத் தமிழில் கொண்டுவந்தான், கதையை நடத்துகிறவருக்கு நடத்துநர் என்று பேர், பஸ் கண்டக்டராடா என்றேன், சிரிக்காதே, சொந்தமா ஒரு உலகம் கட்ட எல்லாருக்கும் நேரம் இருக்காது, ரெடிமேடா ஒண்ணு புத்தகத்துலயே இருக்கணும், மலை ஆறு ஊர் சாமி பேய் எல்லாம் நீ எழுதிக் கொடு என்றான், கொடுத்தேன், முதல் பக்கத்தில் அவனாக ஒரு வரி சேர்த்தான், நடத்துநர் வேறு சொல்லாதவரை இதுவே உண்மை.

எங்கள் வீட்டிலும் அதுதானே சட்டம், பதினோரு வருஷமாக. தம்பி தினகரன் ஒரு மத்தியானம் முடி வெட்டக் கிளம்புகிறான், வாசற்படியில் இடது செருப்பின் வார் அறுகிறது, கழற்றி என் கையில் திணிக்கிறான், அக்கா இதைத் தைச்சு வை, வந்துடறேன், ஒத்தைச் செருப்போடயா போறே லூசு, நமக்கு ஒண்ணு போதும், நொண்டியடித்துக்கொண்டே தெருமுனை திரும்புகிறான், நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன் போல. வரவில்லை. வேறு தகவல் வராதவரை இருக்கிறான், அப்படி நம்பிக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்தாள், நான் செருப்பைத் தைக்கவில்லை, அன்றைக்குச் சோம்பல், அப்புறம் பயம், தைத்தால் எதுவோ முடிந்துவிடும் என்று பீரோவில் சேலைக்கடியில் ஒளித்து வைத்தேன், அப்பாவுக்கே தெரியாது. அப்பா ஒரு மனுவை எடுத்துக்கொண்டு வருகிறார், ஏழு வருஷம் தாண்டினா செத்ததாத்தான் சட்டம் எடுத்துக்குமாம், ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டு அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுடலாம்மா, நீயும் ஒரு கையெழுத்துப் போடு. போடமாட்டேன், போட்டால் நானே அவனைக் கொன்ற மாதிரி, போய்ப் படுங்கப்பா என்று கத்தினேன்.

புத்தகம் வந்த மூன்றாம் மாதம் ஓசூரிலிருந்து ஜோயல் என்று ஒருவர் போன் செய்தார், மேடம், அந்தத் தோணிக்காரன் புதிருக்கு விடை என்ன, எந்தப் புதிர், அதான் மேடம், ஏறப் போனா தைச்சாச்சான்னு கேக்கிறானே. நான் அப்படி எழுதலையே, தெரியும், தேடிப் பார்த்துட்டேன், நடத்தினது நான்தான், என் வாயிலதான் வந்துச்சு, ஏன்னு தெரியலை. பிறகு கும்பகோணம், பிறகு சிங்கப்பூர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், எல்லா மேசையிலும் அவன் கேட்கிறான், இல்லை என்று சொன்னால் தோணியை எடுப்பதில்லை, ஆச்சு என்று பொய் சொன்னால் நட்டாறு வரை போய் இதே கரைக்குத் திரும்பிவிடுகிறது. யாரோ கிளப்பி விட்டிருக்காங்க என்றான் வளவன். நான் பீரோவைத் திறந்து சேலைக்கடியிலிருந்து செருப்பை எடுத்தேன்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கிறவர், ஒத்தை மட்டும் கொண்டாந்திருக்கீங்க, ஜோடி எங்கம்மா, போட்டுட்டுப் போயிருக்கான் என்றேன், நாலு தையல், அஞ்சு நிமிஷம், பதினோரு வருஷம் நான் செய்யாத வேலை அஞ்சு நிமிஷ வேலை, பஸ்ஸுக்கு நிற்கிற ஜனத்துக்கு நடுவே நின்று அழுதேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக வளவன் வீட்டு மேசையில் நானும் ஒரு ஆளாக உட்கார்கிறேன், மடியில் பை, பைக்குள் செருப்பு, நடத்துநர் சஹானா, இப்போதுதான் கல்லூரி முடித்த பெண், மேடம் துறைக்கு வந்துட்டீங்க, இருக்கான், கேக்கிறான். தைச்சாச்சுடா, என்னை மன்னிச்சுடு, ரொம்ப லேட்டாயிடுச்சு. சஹானா பகடையைத் தொடவில்லை, கையை நீட்டுறான் என்றாள், வாங்கிக்கிட்டான், மாட்டிக்கிறான், என்னை ஏத்திக்கிறானா என்றேன், இல்லக்கா, நீ வராதேங்கிறான், தனியாத் தள்ளிட்டுப் போறான். அதுவரை என்னை மேடம் என்றுதான் கூப்பிட்டிருந்தாள், அக்கா என்று சொன்னது அவளுக்கே தெரியவில்லை. பை லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, நான் திறந்து பார்க்கவில்லை, இன்றுவரை பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கொடுங்கப்பா என்று மனுவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன், அப்பா பேனாவைத் திரும்ப வாங்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் எந்த மேசையிலிருந்தும் போன் இல்லை, ஜோயலை நானே கூப்பிட்டுக் கேட்டேன், தோணி மட்டும்தான் மேடம் திரும்பி வந்து நிக்குது, ஆளைக் காணோம். இரண்டாம் பதிப்புக்கு வளவன் அவசரப்படுத்துகிறான், நாற்பத்தொன்றாம் பக்கத்தை மாற்றி எழுதுகிறேன், கரும்புழைத் துறை, தோணிக்காரன் அக்கரைக்குப் போயிருக்கிறான், தோணியின் விளிம்பில் இடது செருப்பின் தடம், ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது, எழுதிவிட்டு முதல் பக்கத்துக்குப் போனேன், வளவனின் அந்த வரி, நடத்துநர் வேறு சொல்லாதவரை, அதை மட்டும் அடிக்காமல் விட்டுவைத்தேன்.