பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம்

ஐம்பத்தாறு வயது வரைக்கும் என் கையெழுத்தை யாரும் தேடி வந்ததில்லை. ரேஷன் கடையில்கூட இப்போது கைரேகைதான். போன வைகாசியில் ஐந்து பேர் ஒரே நாளில் வந்து கேட்டார்கள்.

மலையடிவாரத்து அணைக்கரையில் எனக்கு நாற்பது சென்ட் மரவள்ளியும் ஒரு ஓட்டு வீடும் இருக்கின்றன. வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். மகன் செழியன் ஓசூரில் கம்பெனி வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு போன் செய்வான். சாப்பிட்டியா என்பான், சாப்பிட்டேன் என்பேன், வைத்துவிடுவான். ஊர் ஒரு மைல் தள்ளி இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் இருப்பது படகுக் குழாம் ஒன்றுதான். சனி, ஞாயிறு கள்ளக்குறிச்சியிலிருந்தும் சங்கராபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து படகேறிக் கத்திவிட்டுப் போவார்கள். என் வேலிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவர் கிடையாது.

குழாமைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அன்புச்செல்வன் அதோடு ஒரு சாப்பாட்டுக் கூடம் சேர்த்துக் கட்டப் பார்த்தார். சுவர் என் வேலியை ஒட்டி வருகிறதாம். பக்கத்து நிலத்துக்காரர் சம்மதம் இல்லாமல் பிளான் பாஸ் ஆகாதாம். அதனால்தான் அந்தப் படை. சர்வேயர், அவர் சங்கிலியைப் பிடிக்க இரண்டு பேர், அன்புச்செல்வன், பின்னால் வரைபடச் சுருளோடு அரசாங்க ஓவர்சியர் தனுஷா. இருபத்தைந்து வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

எல்லாருக்கும் மோர் கொடுத்தேன். பேனாவைக் கையில் வாங்கியும் விட்டேன். எனக்கென்ன ஆட்சேபனை? கூடம் வந்தால் நாலு மனுஷர் குரலாவது கேட்கும். அந்த நேரம் பார்த்து அன்புச்செல்வன் வாயைத் திறந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்துதாங்க்கா. போட்டுட்டீங்கன்னா இனிமே ஒங்க வூட்டுப் பக்கமே வரமாட்டோம். தொந்தரவே இருக்காது."

பேனாவை மூடிக் கொடுத்துவிட்டேன்.

"கண்ணாடி இல்லாம போடமாட்டேன் தம்பி. நாளைக்கு வாங்க." கண்ணாடி என் இடுப்பில்தான் இருந்தது.

மறுநாள் வந்தார்கள். அன்றைக்கு அஷ்டமி என்றேன். அடுத்த முறை, மகனைக் கேட்கவேண்டும் என்றேன். அவனைக் கேட்டால் 'உன் இஷ்டம்மா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான், அதனால் கேட்கவில்லை. அதற்கப்புறம் பட்டா இருக்கும் பெட்டியின் சாவி காணாமல் போனது. எனக்கு இவ்வளவு பொய் வரும் என்று எனக்கே தெரியாது. கொளஞ்சியம்மா நல்ல விலைக்குப் பார்க்கிறாள் என்று ஊரில் பேசினார்கள். அன்புச்செல்வனும் அதை நம்பி ஒரு கவரை நீட்டினார். அதை அவர் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினேன். மனுஷர் அதோடு வருவதை விட்டுவிட்டார்.

தனுஷா மட்டும் வந்தாள். செவ்வாய்க்கிழமைதோறும், ஸ்கூட்டியில். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தாளித்து வைப்பேன். சாப்பிட்டுக்கொண்டே ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டுவாள், ஆபீஸில் வாங்கிய திட்டைச் சொல்லுவாள், பெண் பார்க்க வந்தவன் போனிலிருந்து தலையே நிமிரவில்லை என்று நடித்துக் காட்டுவாள். நாலு வருஷம் கழித்து என் வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன். சந்தோஷமாக இருந்தேன், மறைப்பானேன். போகும்போது மட்டும், "கையெழுத்து..." என்று இழுப்பாள். "அடுத்த வாரம் பாக்கலாம் கண்ணு" என்பேன்.

ஏழாவது செவ்வாய் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, இனிமே ஒங்களுக்கு டென்ஷனே இல்ல! பிளானையே மாத்திட்டேன். கூடத்த அந்தாண்ட பதினஞ்சு அடி தள்ளியாச்சு. ஒங்க கையெழுத்தே தேவயில்ல. நீங்க வேணாம்னு சொல்லமுடியாம தவிச்சிக்கினு இருந்தீங்கல்ல, எனக்குத் தெரியும்மா."

"நான் போட்டுடறேன் கண்ணு. இப்பவே போடறேன். பேனா குடு."

"ஐயோ, வேணாம்மா. நோட்டீஸே ஒட்டியாச்சு. முப்பது நாள்ல யாரும் ஆட்சேபனை மனு குடுக்கலன்னா ஆர்டர் வந்துடும்."

"குடுத்தா?"

"குடுத்தா நாங்க திரும்ப எடத்துக்கு வந்து விசாரிக்கணும். யாரு குடுக்கப்போறாங்க? வுடுங்க. வரேம்மா."

எனக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு போனாள். அவள்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. கிழங்கை மூன்று வேளைக்கு நானே தின்றேன்.

அடுத்த நாலு செவ்வாயும் கிழங்கு வேகவைத்தேன். இரண்டு தடவை ஸ்கூட்டி சத்தம் கேட்டு வேலிவரைக்கும் ஓடினேன். படகேற வந்தவர்கள். ஒரு பெண்பிள்ளை என்னைப் பார்த்து, "டிக்கெட் எங்க குடுப்பாங்க?" என்று கேட்டாள். கை காட்டினேன். அந்த மாதம் நேரில் என்னோடு பேசியது அவள் ஒருத்திதான்.

இருபத்தொன்பதாம் நாள் பஸ் ஏறித் தாலுகா ஆபீஸுக்குப் போனேன். வாசலில் புங்கமரத்தடியில் மனு எழுதும் வீரமுத்து உட்கார்ந்திருந்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா என்று மளமளவென்று எழுதி, பொருள்: படகுக் குழாம் கட்டட ஆட்சேபனை என்று கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கொற இன்னாம்மா? செவுரு ஒங்க எடத்துல வருதா?"

"இல்லீங்க."

"சத்தம் ஜாஸ்தியா? கழிவுத்தண்ணி வுடறாங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

"பின்ன இன்னாத்த எழுதறது?"

வீட்டுக்காரர் பட்டாவுக்கு அலைந்த காலத்தில் எத்தனை மனு பார்த்திருப்பேன். எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் முடியும்.

"கடைசி வரிய மட்டும் எழுதுங்க. நேரில் வந்து விசாரிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அது போதும். செவ்வாய்க்கெழமைன்னு சேத்துக்குங்க."

அவர் அந்த வரியை எழுதி, செவ்வாயையும் சேர்த்து, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.