தரையில் பத்தொன்பது நிமிடம்

கலைமதிக்குப் பதினான்கு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் நடக்கவில்லை.

பகலில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஒயர்களைச் சோதிக்கும் வேலை எனக்கு. மாலையில் மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறேன். ஒரு குழந்தையை நான்கு வாரம் கவனித்து எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கனகம் அக்காவின் மகள்தான் கலைமதி. மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கும் நாங்கள் ஆறு பேர் படி இறங்கினால் குழந்தை. ஆனால் என் நோட்டில் 'நடை' என்ற கட்டத்தில் இருபது நாளாக 'இல்லை' என்றே இருந்தது. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"இன்னா செல்வி, உன் புக்குல இன்னா போட்டுக்கீது?" என்றார் அக்கா. "ஞாயித்துக்கெயம வாலாஜாபாத்லேர்ந்து என் நாத்தனார் செந்தாமரை வருது. அது புள்ள பதினோரு மாசத்துலயே ஓடுச்சாம்."

"பதினெட்டு மாசம் வரைக்கும் பொறுக்கலாம்னு போட்டிருக்குக்கா."

"அவ பொறுக்க மாட்டாளே." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கால்ல எதுனா கோளாறா? மறைக்காம சொல்லிடு."

கோளாறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மடியில் நின்று குதிக்கிறாள். என் தொடையில் இரண்டு இடத்தில் கன்றியிருக்கிறது. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஓர் ஒயர் பழுதானால் ஒயரைத் திட்டுவதில்லை. அது யார் யார் கை வழியாக வந்தது என்று எழுதுவோம். வேறு வழி தெரியாமல் அதையே செய்தேன். செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, கலைமதி கை மாறும்போதெல்லாம் நேரத்தைக் குறித்தேன்.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த கொம்பையா அண்ணன் ஷூவைக் கழற்றுமுன்பே தூக்கினார். அவர் தூங்கப் போனதும் தங்கமாரி வாங்கிக்கொண்டாள். அவள் இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அக்கா. மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் ஆட்கள் மூன்று பேர் வந்து வரிசையில் நின்றார்கள். எங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு ஷிப்ட். கலைமதிக்கு மூன்றும்.

மொத்தத்தில் அவள் தரையில் இருந்தது பத்தொன்பது நிமிடம். அதில் பதினொன்று குளியல்.

மறுநாள் காலை வீட்டில் இருந்தவர்களிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏ தாயி, நான் செத்த நேரந்தான வச்சிருந்தேன்?" என்றார் கொம்பையா அண்ணன்.

"அம்பத்திரண்டு நிமிசம்ணே."

தங்கமாரி நோட்டைப் பிடுங்கினாள். "ஏட்டி, எல்லாத்துக்கும் மேல யாருன்னு பாருங்க. பாண்டிச்செல்வி, ரெண்டு மணி பத்து நிமிசம்!"

உண்மைதான். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டுதான் மறு கையால் எழுதியிருந்தேன்.

கனகம் அக்கா சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டம் போட்டார். "இனிமே எவனும் தூக்கக் கூடாது. தூக்குனா அன்னிக்கு மோட்டார் போட மாட்டேன்."

மாடிக்குத் தண்ணீர் வருவது அந்த மோட்டாரால்தான். நாங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடமாடினோம். கலைமதி கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, நிற்காமல் போகும் கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோல ஒவ்வொருவருக்கும் கை நீட்டினாள். இரண்டு நாள் அழுகை. கொம்பையா அண்ணன் காதில் பஞ்சு வைத்துத் தூங்கினார். என் கட்டங்களை நம்பி ஒரு குழந்தையை அழவிடுகிறேனே என்று எனக்கு வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பாதி காலியான தண்ணீர் கேனைப் பிடித்து எழுந்தாள். சனிக்கிழமை அதைத் தள்ளிக்கொண்டே கூடத்தைச் சுற்றினாள்.

ஞாயிறு பதினொன்றேகாலுக்குச் செந்தாமரை மகனோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா அண்ணி, இன்னும் கேனைப் புட்ச்சிக்கினுதான் நடக்குதா?" என்றார்.

கேன் நிலைப்படியில் இடித்து நின்றது. கலைமதி அதை ஒரு முறை முறைத்தாள். கையை எடுத்தாள். திரும்பி நடந்தாள். ஏழு அடி. அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். செந்தாமரையின் காலில் இன்னும் ஒரு செருப்பு இருந்தது. எட்டாவது அடிக்குக் கலைமதி நேராக என்னை நோக்கிக் காலைத் தூக்கினாள்.

"எறக்கு! செல்வி, எறக்குடி!" என்று அக்கா கத்திய பிறகுதான், குழந்தை என் இடுப்பில் இருப்பது எனக்குத் தெரிந்தது.

நோட்டில் எழுதினேன்: நடை, ஏழு அடி, காலை 11.20. தூக்கியவர், பாண்டிச்செல்வி.

அன்று மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. ஐந்து பேர் என்னோடு பேசவில்லை.