ரெண்டாவது தடவை

கல்லீரலை அரிக்கும் காமாலைக் கிருமி ரத்தம் வழியாகப் பரவும், சோதித்துக்கொள்ளுங்கள் என்று சக கைதிகளிடம் எடுத்துச் சொல்ல, சிறையின் நர்ஸம்மா, பொதுக் கூடத்தில் அடைபட்டிருந்த மேஸ்திரியைப் பழக்கியிருந்தார். மேஸ்திரியும் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"காலையிலேயே காமாலைப் புராணமா? ரத்தம் குடுத்தா முட்டை குடுப்பாங்களா?" என்பான் சமையல்காரன். கூடமே சிரிக்கும்.

கெஞ்சிக் கூத்தாடி அவர் சோதனைக்கு அழைத்துப்போனது ஒரே ஒருவனை. அதே கூடத்தில் அடைபட்டிருந்த மச்சினன், மனைவியின் தம்பி. அவனுக்குத்தான் நோய் இருந்தது. என்ன தலையெழுத்து, பாருங்கள்.

மருந்து தொடங்க இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். அங்கேதான் வினை. ரெண்டாவது தடவை போகிறவனுக்கு நோய் என்று கூடத்துக்கே தெரிந்துவிடும். முன்பு அப்படிப் போன ஒருவனின் பாயைக் கக்கூஸ் ஓரம் தள்ளிவிட்டார்கள்.

"நான் போகமாட்டேன் மாமா. நீங்களும் மூச்சு விடாதீங்க."

"மருந்து இருக்கு மாப்ள, குணமாயிடும். உங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"செத்துட்டான்னு சொல்லுங்க."

சவர நாள் வந்தது. கூடத்துக்கே ஒரு பிளேடு. வேண்டாம் வேண்டாம் என்று மேஸ்திரி தலைப்பாடாக அடித்துக்கொண்டும் அது கைமாறிக்கொண்டே இருந்தது. மறுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று மச்சினனும் வாங்கிக்கொண்டான், பாவி. தாடையில் கீறி ரத்தம் கசிந்தது. பிளேடைத் துடைத்துச் சமையல்காரனிடம் நீட்டினான்.

மேஸ்திரி குறுக்கே பாய்ந்தார். வாயைத் திறந்தால் மச்சினன் மானம் போகும். மூடிக்கொண்டால் இன்னொருவன் உயிர் போகும்.

"அதத் தொடாத. எனக்குக் காமாலை இருக்கு. இத்தனை மாசமா நானும் உங்க பிளேடுலதான் சவரம் பண்றேன்."

பச்சைப் பொய். அவர் ரத்தத்தில் எதுவும் இல்லை என்று நர்ஸம்மா சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஊருக்கு உபதேசம் பண்ணிட்டு எங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டியேடா" என்று சமையல்காரன் அறைந்தான். அப்புறம் யார் கை, யார் கால் என்று தெரியவில்லை.

"தொட்டா ஒட்டாதுப்பா. ரத்தம் கலந்தாதான்" என்று கீழே கிடந்தபடி அப்போதும் பாடம் நடத்தினார் மனிதர். யார் கேட்டார்கள்?

மறுநாள் கதவு திறந்ததும் கூடமே நர்ஸம்மா அறைக்கு முண்டியடித்தது. கும்பிட்டுக் கேட்டும் அசையாத கால்கள் அத்தனையும் ஓடின. கூட்டத்தோடு கூட்டமாக மச்சினனும் போய் ரெண்டாவது தடவை ரத்தம் கொடுத்தான். அவனை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. மேஸ்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிழைத்துக்கொள்வான், அது போதும்.

சாயங்காலம் அவருடைய பாயைக் கக்கூஸ் ஓரம் இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு முனையைச் சமையல்காரன் பிடித்திருந்தான். மறுமுனையை மச்சினன் பிடித்திருந்தான். பாயைப் போட்டுவிட்டு, மாமாவைப் பார்க்காமல், தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.