கையால் இறக்கியதற்கு விளக்கம்

திங்கட்கிழமை வந்த கடிதம், ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டுக் கையால் விமானத்தை இறக்கியது ஏன் என்று விளக்கம் கேட்டது. புதன்கிழமை வந்த கடிதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் அவள் கையால் ஓட்டியது திருப்தியாக இல்லை, பழக்கம் போதாது என்றது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, தலைமை விமானியுடையது.

பதினாறு வருடமாக விமானம் ஓட்டுகிற அவளுக்கு எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"தண்ணியில இறங்காதேன்னு ஒரு லெட்டர். நீச்சல் தெரியலைன்னு ஒரு லெட்டர். நான் எதைக் கேக்கறது சார்?"

அவர் புரட்டிப் பார்த்தார். "ரெண்டுமே சரிதானேம்மா. முடிஞ்சவரைக்கும் மெஷின் ஓட்டணும். அது மக்கர் பண்ணா நீங்க ஓட்டணும்."

"அன்னைக்கு மட்டும் பழக்கம் எங்கேருந்து வரும்? நீங்க கடைசியா எப்ப சார் கையால இறக்கினீங்க?"

பேனாவை மூடினார், திறந்தார். "அதெல்லாம் கைக்கே தெரியும்."

"அப்ப வாங்க. சிமுலேட்டர் இப்ப காலிதான். இருபது நிமிஷம்."

அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டார்.

பயிற்சிக்கான அந்தப் போலி விமான அறையில், மூவாயிரம் அடியில் ஆட்டோபைலட்டை அணைத்தார்கள். லேசான பக்கக்காற்று, அவ்வளவுதான். அவர் உயரத்தைப் பார்த்தால் வேகம் குறைந்தது. வேகத்தைப் பிடித்தால் மூக்கு இடப்பக்கம் ஓடியது.

"ஸ்பீடு சார்."

"தெரியுது!"

ஓடுபாதைக்கு முந்திய புல்வெளியில் போய் விழுந்தது விமானம். திரை சிவந்து உறைந்தது. அவர் காலர் நனைந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோதனையில் அவள் செய்ததும் இதே தப்புதான். பின்னால் நிஜமாகவே ஆட்கள் இருந்திருந்தால்?

"வெளிய சொல்லிடாதீங்கம்மா."

"சொல்லலை சார். கையால இறக்க அனுமதி குடுங்க, போதும்."

அனுமதி வந்தது, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் என்று. கூடவே நாலு பக்கப் படிவமும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பிக் கொடுத்தாள்.

ஞாயிறு நண்பகல், மேகமே இல்லை. துணை விமானி உயரத்தைச் சொல்லச் சொல்ல, உள்ளங்கை வியர்க்க அவளே இறக்கினாள். நடுக்கோட்டிலேயேதான் இறங்கியது, கொஞ்சம் தடாலென்று.

வாசலில் நின்று வழியனுப்பியபோது ஒரு பெரியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இப்படிப் போட்டு உலுக்கிட்டீங்க! கம்ப்யூட்டரையே இறக்கச் சொல்லியிருக்கலாமே?"

சொல்ல ஆயிரம் இருந்தது. பின்னால் வரிசை நீண்டு நின்றது.

"பாத்துப் படியிறங்குங்க ஐயா," என்றாள்.